அம்மச்சியின் முதல் ஆண்டு நினைவு: இரண்டு அதாரில் எந்த அதார்?

தோவாளைப்பூ | 15 ஜனவரி 2022

எல்லாருக்கும் வணக்கம். இதுவரை இங்கே படித்துக்கொண்டு மட்டும்தான் இருந்தேன். இப்போது ஒரு விஷயம் கேட்க வேண்டியிருக்கிறது.

நான் இஸ்ரேலில் முதியோர் பராமரிப்பு வேலையில் இருக்கிறேன். பீர்ஷெபாவுக்குப் பக்கத்தில் நெவாத்திம் என்று ஒரு ஊர். நெகேவ் பாலைவனம். கொச்சி யூதர்கள் 1954இல் வந்து குடியேறிய ஊர் இது. இந்த மண்ணில் கண்ணாடிக் குடில் போட்டுப் பூ வளர்த்து வெளிநாட்டுக்கு அனுப்பியவர்கள். என் வீட்டுத் தாத்தாவும் அதைத்தான் செய்தார். அவருக்கு இப்போது எண்பது வயது. பன்னிரண்டு வயதில் எர்ணாகுளத்திலிருந்து வந்தவர். எனக்கு ஊர் கன்னியாகுமரி மாவட்டத்துத் தோவாளை. எங்கள் பக்கத்தில் மலையாளமும் புழங்கும், எனக்கும் பேச வரும். அதனால்தான் இந்த வீட்டில் வேலை கிடைத்தது.

நான் வந்தது தாத்தாவுக்காக இல்லை, அவர் மனைவிக்காக. அம்மச்சி என்றுதான் கூப்பிடுவேன். இரண்டரை வருடம் குளிப்பாட்டி, தலை வாரி, சோறு ஊட்டினேன். கடைசி ஆறு மாதம் அவருக்கு ஹீப்ரு முழுக்க மறந்துபோனது. சின்ன வயது மலையாளம் மட்டும் மிஞ்சியது. பேரப்பிள்ளைகளுக்கு அது புரியாது. பாட்டி என்ன சொல்கிறார் என்று என்னைப் பார்ப்பார்கள், நான் எனக்குத் தெரிந்த ஹீப்ருவில் சொல்வேன். "இந்தப் பிள்ளை ஒன்றும் சாப்பிடவில்லையே" என்பதுதான் பெரும்பாலும்.

போன வருடம் பிப்ரவரி 19, வெள்ளிக்கிழமை காலையில் போய்விட்டார். வெள்ளி மாலை சபாத் என்ற ஓய்வு நாள் தொடங்குவதற்குள் அடக்கம் செய்ய வேண்டும் என்று அன்று மதியமே எல்லாம் முடிந்தது. கொரோனா காலம், அதனால் கொஞ்சம் பேர்தான். நான் மதிலோரம் நின்றேன்.

இப்போது ஆண்டு நினைவு வருகிறது. தாத்தா "அஸ்காரா" என்கிறார். மூத்த மகன் மார்ச்சில் என்கிறார். ஹைஃபாவில் இருக்கும் மகள் பிப்ரவரியில் என்கிறார். அவர் புகுந்த வீடு போலந்து பக்கத்து யூதர்கள். போனில் பேசிப் பேசி இருவருக்கும் மனத்தாங்கல். இவர்கள் காலண்டரில் இந்த வருடம் அதார் மாதம் இரண்டு முறை வருகிறதாம். இதில் எது சரி?

இன்னொன்று. கடையில் தகர டப்பாவில் நினைவு மெழுகுவத்தி விற்கிறார்கள். வாங்கி வந்து காட்டினேன். தாத்தா கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "இது மெழுகு மோளே. அவளுக்கு வெளிச்செண்ணெய் வேணும்" என்றார். தேங்காய் எண்ணெயை மலையாளத்தில் அப்படித்தான் சொல்வார்கள். அப்படி ஏற்றலாமா? அவருக்குக் கை நடுங்கும். வேறு மதத்துப் பெண்ணான நான் தொடலாமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


பழைய_பஞ்சாங்கம் | 15 ஜனவரி 2022

தங்கச்சி, முதல் கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியும். ஊர் ஊராக உள்ள பஞ்சாங்கக் கணக்குகளைப் படிப்பது எனக்குப் பல வருட ஆசை.

யூதர்களின் மாதம் சந்திரனைப் பார்த்து வருவது. பன்னிரண்டு மாதம் சேர்ந்தால் சுமார் 354 நாள், சூரிய வருடத்துக்குப் பதினோரு நாள் குறைவு. அப்படியே விட்டால் பஸ்கா பண்டிகை வசந்தத்தை விட்டு நகர்ந்துவிடும். அதனால் 19 வருடத்தில் ஏழு முறை ஒரு மாதம் கூட்டுவார்கள். நம் ஊரில் தெலுங்கு, கன்னடப் பஞ்சாங்கங்களில் அதிக மாசம் வருகிறதே, அதே காரணம்தான். அவர்கள் கூட்டுவது எப்போதும் அதாரை. முதல் அதார், இரண்டாம் அதார்.

அம்மச்சி போன 2021 பிப்ரவரி 19 காலை என்பது அவர்கள் கணக்கில் 5781ஆம் வருடம் அதார் 7. அது சாதாரண வருடம், ஒரே அதார். இப்போது நடப்பது 5782, மாதம் கூடும் வருடம். முதல் அதார் 7 வருவது பிப்ரவரி 8. இரண்டாம் அதார் 7 வருவது மார்ச் 10. அவர்களுக்கு நாள் சூரியன் மறையும்போதே பிறந்துவிடும், ஆகவே விளக்கு ஏற்றுவது முதல் நாள் மாலை. பிப்ரவரி 7 திங்கள், அல்லது மார்ச் 9 புதன்.

அண்ணன் தங்கை இருவருமே தப்பாகச் சொல்லவில்லை. 16ஆம் நூற்றாண்டில் யோசேப் காரோ தொகுத்த சட்ட நூல் இரண்டாம் அதார் என்கிறது. அதற்குக் குறிப்பு எழுதிய, போலந்தின் கிராக்கோ நகரத்து மோஷே இஸ்ஸர்லெஸ் முதல் அதார் என்கிறார், இரண்டிலும் அனுசரிப்பவர்கள் உண்டு என்றும் சேர்க்கிறார். செபராது (ஸ்பெயின் வழி வந்த யூதர்கள்) வழக்கத்தில் வருகிறவர்கள் காரோவைப் பின்பற்றுவார்கள், ஐரோப்பிய அஷ்கெனாசிகள் இஸ்ஸர்லெஸை. கொச்சிக்காரர்கள் செபராது வழக்கத்தார், அதனால் மகன் மார்ச் என்கிறார். மகள் புகுந்த வீட்டு வழக்கத்தைச் சொல்கிறார். முடிவு அவர்கள் மதகுருவான ரப்பியிடம் கேட்டு எடுக்க வேண்டியது. ஆனால் இது நானூறு வருடமாக இருக்கிற வேறுபாடு, யாரும் அம்மாவை மறந்ததால் வந்ததல்ல என்று இருவருக்கும் யாராவது எடுத்துச் சொன்னால் நல்லது.

இன்னொரு செய்தி. அதார் 7 மோசேயின் நினைவு நாள் என்பது அவர்கள் மரபு. அவருடைய கல்லறை எங்கே என்று யாருக்கும் தெரியாது என்று வேதமே சொல்கிறது. இஸ்ரேலில் அதே நாளை, அடக்கம் செய்த இடம் தெரியாத படைவீரர்களுக்காகவும் வைத்திருக்கிறார்கள்.


மட்டாஞ்சேரித்_தமிழன் | 16 ஜனவரி 2022

தோவாளைப் பெண்ணே, உங்கள் பதிவைப் படித்ததும் மட்டாஞ்சேரியில் யூதர்கள் வாழ்ந்த ஜூதத் தெருவு கண்முன் வந்துவிட்டது. எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாகக் கொச்சியில்.

தேங்காய் எண்ணெய் விஷயத்தில் தாத்தா சொல்வது முழுக்க அவர்கள் ஊர் வழக்கம். கேரளத்து யூதர்களின் ஜெபாலயங்களில் கூரையிலிருந்து கண்ணாடி விளக்குகள் தொங்கும். அதில் ஊற்றியது தேங்காய் எண்ணெய்தான். 1568இல் கட்டிய பரதேசி ஜெபாலயத்துக்குள் போய்ப் பார்த்தவர்களுக்கு அந்த விளக்குகள் நினைவிருக்கும். ஒலிவ எண்ணெய்க்கு அங்கே எங்கே போவது? சுற்றிலும் தென்னை. ஆகவே அவர் பிறந்த வீட்டில் ஒரு பெரியவர் போனால் ஏற்றிய விளக்கின் வாசனை அதுவாகத்தான் இருந்திருக்கும்.

நீங்கள் தொடலாமா என்ற கேள்விக்கு எங்கள் ஊரிலிருந்தே ஒரு பதில். மட்டாஞ்சேரியில் நெஹெமியா மோத்தா என்ற யூத மகானின் கல்லறை இருக்கிறது. 1615இல் ஹனுக்கா பண்டிகையின் முதல் நாளில் காலமானவர். அங்கே இந்துக்கள், கிறிஸ்தவர்கள், முஸ்லிம்கள் எல்லாரும் வந்து மெழுகுவத்தி ஏற்றுவார்கள். இஸ்ரேல் போன கொச்சிக்காரர்கள் அந்த நினைவு நாளை அங்கேயும் விடாமல் வைத்திருக்கிறார்கள். தாத்தாவிடம் கேட்டுப் பாருங்கள், கட்டாயம் சொல்வார்.

அப்புறம் ஒன்று சொல்ல ஆசை. கேரளத்துச் சேந்தமங்கலம் ஜெபாலயத்தின் முன்னால் ஒரு கல் நிற்கிறது. இந்தியாவில் கிடைத்த ஹீப்ருக் கல்லறைக் கல்வெட்டுகளில் மிகப் பழையது என்பார்கள். வருடம் 1269. அது ஒரு பெண்ணுக்கு வைத்த கல். இஸ்ரவேலின் மகள் சாராள் என்று பொறித்திருக்கிறது. அவள் யாருக்கு மனைவி, யாருக்குத் தாய், ஒன்றும் தெரியாது. எழுநூற்றைம்பது வருடத்துக்கு அப்புறமும் நான் அந்தப் பெயரை வாய்விட்டுப் படித்தேன். அன்று என்னவோ செய்தது.


கரையோரம் | 16 ஜனவரி 2022

எல்லாரும் உணர்ச்சியாக எழுதுகிறீர்கள். நான் வேறு மாதிரி சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். சகோதரி, நீங்கள் அந்த வீட்டில் வேலைக்கு இருப்பவர். பிள்ளைகளுக்குள் ஏற்கெனவே சண்டை என்கிறீர்கள். இதில் நீங்கள் தலையிட்டு, நாளைக்கு "வேலைக்காரி எங்கள் சடங்கில் கை வைத்தாள்" என்று ஒரு பேச்சு வந்தால் விசா, சம்பளம் எல்லாம் சிக்கலாகும். வளைகுடாவில் பதினெட்டு வருடம் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். அன்பு இருக்கட்டும். மூத்த மகனிடம் முன்கூட்டியே கேட்டு, அவர் சொன்னபடி மட்டும் செய்யுங்கள்.


எடிசன்வாசி | 17 ஜனவரி 2022

கரையோரம் அண்ணா சொல்வதில் நியாயம் இருக்கிறது. மகனிடம் முதலில் கேளுங்கள். ஆனால் கேட்கும்போது பயந்து கேட்க வேண்டாம் தங்கச்சி.

நான் நியூஜெர்சியில் இருக்கிறேன். என் மனைவி யூதப் பெண். அவள் போய் ஐந்து வருடம் ஆகிறது. எங்களுக்கு ஒரே மகள். இங்கே இந்த நாளை யார்ட்சைட் என்பார்கள், இத்திஷ் மொழியில் 'வருடக் காலம்' என்று பொருள். மனைவி இருக்கும்போது தன் அம்மாவுக்காக ஒவ்வொரு வருடமும் சமையலறையில் கண்ணாடி டம்ளர் மெழுகு ஏற்றி வைப்பாள். பல்பொருள் அங்காடியில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். இரவு தண்ணீர் குடிக்க எழுந்தால் அந்த வெளிச்சம் மட்டும் இருக்கும். நான் அப்போது ஒன்றும் கேட்டதில்லை. கேட்டிருக்க வேண்டும்.

அவளுடைய முதல் நினைவு நாளில் எனக்குக் கணக்குத் தெரியவில்லை. காலையில் எழுந்து ஏற்றினேன். முதல் நாள் மாலையே ஏற்ற வேண்டும் என்று மகள் சொன்னபோதுதான் தெரிந்தது. அன்று முழுக்க எனக்கு நிலைகொள்ளவில்லை. "பரவாயில்லை அப்பா, அம்மா எப்பவுமே லேட்டாத்தானே கிளம்புவா" என்றாள். இரண்டு பேரும் அழுதோம்.

மாலையில் ஜெபாலயத்துக்குப் போனோம். கதீஷ் என்ற ஜெபம். பெரும்பாலும் ஹீப்ரு இல்லை, அரமேயம். நான் மொழிபெயர்ப்பைப் பிறகு படித்தேன். அதில் மரணம் என்ற சொல்லே இல்லை, முழுக்க இறைவனின் பெயரைப் போற்றுவது. தனியாகச் சொல்ல முடியாது, பத்துப் பேர் கூட வேண்டும். எங்கள் ஊர் ஜெபாலயத்தில் பெண்களையும் அந்தப் பத்தில் எண்ணுவார்கள், மகள் எழுந்து நின்று சொன்னாள். நான் யூதன் இல்லை, என்னை எண்ண மாட்டார்கள். அன்று ஒன்பது பேர்தான் இருந்தார்கள். வாசலில் வண்டி எடுக்கப் போன ஒருவரை ஓடிப் போய்க் கூட்டி வந்தார்கள். அவருக்கு என் மனைவியைத் தெரியாது. கோட்டைக்கூடக் கழற்றாமல் வந்து நின்று, என் மகள் சொன்ன ஒவ்வொரு அடிக்கும் ஆமென் சொன்னார். அந்த மனிதரை நான் மறக்கமாட்டேன்.

எங்கள் கிராமத்தில் அம்மாவுக்குத் திதி கொடுக்கும்போதும் இங்கிலீஷ் தேதி பார்ப்பதில்லை, அதனால் இது எனக்கு அந்நியமாகத் தெரியவில்லை. ஆனால் இரண்டும் ஒன்றுதான் என்று சொல்லமாட்டேன். அங்கே நாம் பிண்டம் வைத்துப் படைக்கிறோம். இங்கே படைப்பது கிடையாது. வெளிச்சம், பெயர், தர்மம், கொஞ்சம் வேதப் படிப்பு, அவ்வளவுதான்.


தோவாளைப்பூ | 20 ஜனவரி 2022

எல்லாருக்கும் நன்றி. எடிசன் அண்ணா, உங்கள் பதிவை வேலை முடிந்து இரவில் படித்தேன். இரண்டு தடவை.

கரையோரம் அண்ணா, உங்கள் சொல்படி மூத்த மகனுக்குப் போன் போட்டேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "என் அம்மாவின் கடைசி வார்த்தை எங்களில் ஒருவருக்கும் புரியவில்லை. நீதான் எங்களுக்குச் சொன்னாய். அப்பா சொல்கிறபடி செய்" என்றார். அம்மச்சி கடைசியாகக் கேட்டது பெரிதாக ஒன்றும் இல்லை. "வாசல் சாத்தியாச்சா" என்றுதான் கேட்டார்.

தேதி விஷயத்தைத் தாத்தாவே தீர்த்துவிட்டார். அஸ்காரா இரண்டாம் அதாரில், எல்லாரும் கூடி. முதல் அதாரில் வீட்டில் ஒரு விளக்கு மட்டும், மகளின் மனதுக்காக. "எனக்கு ரெண்டு தடவை அவளை நினைக்கக் கசக்குமா?" என்றார்.

பஞ்சாங்கம் ஐயா எழுதியதை அப்படியே மகளுக்கும் சொன்னேன். நானூறு வருடம் என்றதும் அழுதார்.

இப்போது வேறு சிக்கல். இங்கே ஜனவரிக் குளிர். பீர்ஷெபா கடையில் வாங்கிய தேங்காய் எண்ணெய் கட்டியாக நிற்கிறது.


பழைய_பஞ்சாங்கம் | 20 ஜனவரி 2022

24 டிகிரிக்குக் கீழே போனால் தேங்காய் எண்ணெய் உறைந்துவிடும். கொச்சியில் அந்தப் பிரச்சினை தெரியாது, பாலைவன இரவில் தெரியும். உருக்கி, கொஞ்சம் ஒலிவ எண்ணெய் கலந்து பாருங்கள். கண்ணாடி வாயகலமாக இல்லாமல் குறுகலாக இருந்தால் சுடரின் சூட்டிலேயே பக்கத்து எண்ணெய் இளகிக்கொள்ளும். முக்கியமாக, தட்டில் மணல் போட்டு அதன்மேல் வையுங்கள். ஒரு நாள் முழுக்க எரிவது, வயதானவர் இருக்கும் வீடு.


தோவாளைப்பூ | 8 பிப்ரவரி 2022

நேற்று மாலை முதல் விளக்கு ஏற்றினோம். அதற்கு முன் ஐந்து இரவு சோதனை பார்த்தேன். முதல் இரவு இரண்டு மணிக்கு அணைந்தது. இரண்டாவது இரவு திரி தடிமனாகிக் கரி பிடித்தது. எங்கள் அம்மா திரிப்பது போலப் பழைய பருத்திச் சேலைத் துணியைக் கிழித்து மெல்லிசாகத் திரித்தேன், அது நின்றது. மூன்றில் ஒரு பங்கு ஒலிவ எண்ணெய்.

தாத்தா நெருப்புக் குச்சியைப் பிடித்தார், நான் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். சுடர் நின்றதும் அந்த வாசனை வந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டார். ஏதோ சொன்னார், ஹீப்ருவா மலையாளமா என்றுகூடத் தெரியவில்லை, நான் கேட்கவும் இல்லை.

ஒரு சந்தேகம். எங்கள் வீட்டில் தலைமுறையாகப் பூ கட்டுகிறவர்கள். கல்லறைக்கு ஒரு முழம் பூவாவது கொண்டுபோகாமல் எனக்கு மனம் வராது. ஆனால் அங்கே எல்லாரும் கல்தான் வைக்கிறார்கள்.


எடிசன்வாசி | 9 பிப்ரவரி 2022

கல்லே கொண்டுபோங்கள் தங்கச்சி. ஏன் கல் என்பதற்குப் பல விளக்கம் சொல்வார்கள், இது ஒன்றுதான் காரணம் என்று யாரும் உறுதியாகச் சொல்லி நான் கேட்டதில்லை. யாரோ வந்து போனார்கள் என்பதற்கு அடையாளம் என்பாள் என் மனைவி. எனக்கு அது போதும். நானும் மகளும் எங்கே ஊர் சுற்றப் போனாலும் ஒரு சின்னக் கல் எடுத்து வருவோம். அவளுக்கு மெய்ன் மாநிலத்துக் கடற்கரையும் வந்திருக்கிறது, எங்கள் ஊர்த் தாமிரபரணிக் கூழாங்கல்லும் வந்திருக்கிறது.


தோவாளைப்பூ | 12 மார்ச் 2022

அஸ்காரா முடிந்தது. கேட்டவர்களுக்காக எழுதுகிறேன்.

புதன் மாலை விளக்கு. வியாழன் காலை கல்லறைக்குப் போனோம். போன வருடம் வர முடியாதவர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள், முப்பது பேருக்குக் குறையாது. மகன் கதீஷ் சொன்னார். எடிசன் அண்ணா சொன்ன அந்த ஆமெனுக்காகக் காத்திருந்தேன், வந்தது. பிறகு ஹஷ்கவா என்று ஒரு ஜெபம் படித்தார்கள். போனவர் பெண் என்றால் நீதிமொழிகள் 31இல் வரும் வசனங்களோடு தொடங்குமாம், குணசாலியான மனைவி முத்துகளைவிட விலை உயர்ந்தவள் என்பது. தாத்தா அதை ஒவ்வொரு வெள்ளி இரவும் மேசையில் அம்மச்சியைப் பார்த்துப் பாடுவார். அவர் போன பிறகும் நிறுத்தவில்லை. அந்த நாற்காலியை யாரும் நகர்த்துவதில்லை. கல்லறையில் முதல் வரி கேட்டதும் அவரும் சேர்ந்து பாட ஆரம்பித்துவிட்டார். படித்துக்கொண்டிருந்தவர் நிறுத்தி, அவர் முடிக்கும்வரை காத்திருந்தார்.

நான் கல்தான் வைத்தேன். பழைய பூக்குடில் இருந்த இடத்திலிருந்து எடுத்த கல்.

வீட்டுக்கு வந்து சாப்பாடு. பழம், காய், மாவுப் பண்டம் என்று ஒவ்வொன்றுக்கும் தனி ஆசீர்வாதம் சொல்லிச் சாப்பிடுவது இவர்கள் வழக்கம், அது அந்த ஆத்மாவுக்குச் சேரும் என்கிறார்கள். நானும் ஹைஃபா மகளும் சேர்ந்து பாஸ்டல் (உள்ளே பூரணம் வைத்து மடிக்கும் பண்டம்) பொரித்தோம். அம்மச்சி எனக்குக் கற்றுக்கொடுத்தது. மகளுக்கு ஓரம் மடிக்க வரவில்லை, அம்மாவிடம் கேட்டுக்கொள்ளவில்லையே என்றார். நான் காட்டிக் கொடுத்தேன்.

அப்புறம்தான் நோட்டுப் புத்தகம். கொச்சி யூதப் பெண்கள் மலையாளத்தில் பாட்டு எழுதி வைத்துக்கொள்வார்கள். கல்யாணப் பாட்டு, வேதக் கதைப் பாட்டு. அம்மச்சியிடம் அவருடைய அம்மாவின் நோட்டு ஒன்று இருந்தது. பேரப்பிள்ளைகளில் யாருக்கும் மலையாள எழுத்துத் தெரியாது. தாத்தா எடுத்து என் கையில் கொடுத்து, "வாய்க்கு மோளே" என்றார். படிக்கச் சொல்கிறார். எழுத்து பழசு, பாதி அழிந்திருந்தது. திக்கித் திக்கி ஒரு வரி படித்தேன். மூலையில் உட்கார்ந்திருந்த அம்மச்சியின் தங்கை, இப்போது அவருக்கு எழுபத்தைந்துக்கு மேல், அந்த வரியை அப்படியே ராகத்தோடு எடுத்தார். நான் அடுத்த வரி. அவர் பாட்டு. இன்னும் இரண்டு கிழவிகள் சேர்ந்துகொண்டார்கள். ஒரு பேரன் எல்லாவற்றையும் போனில் பதிவு செய்தான்.


மட்டாஞ்சேரித்_தமிழன் | 12 மார்ச் 2022

அந்த நோட்டைப் பத்திரமாகப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து வையுங்கள். ஸ்கரியா சக்கரியா போன்ற மலையாள அறிஞர்கள் இப்படிப்பட்ட நோட்டுகளைத் தேடித்தான் இந்தப் பாட்டுகளைக் காப்பாற்றினார்கள். ஆண்கள் முன்னால் பெண்கள் பாடக்கூடாது என்ற கட்டுப்பாடு பல யூத சமூகங்களில் உண்டு. கொச்சியில் பெண்கள் எல்லார் முன்னாலும் பாடினார்கள். அம்மச்சியின் அம்மாவும் அப்படிப் பாடியவராகத்தான் இருப்பார்.


கரையோரம் | 13 மார்ச் 2022

தங்கச்சி, அன்றைக்கு நான் சொன்னது உங்கள் நல்லதுக்குத்தான். ஆனால் இதைப் படித்த பிறகு, என் அம்மாவின் நினைவு நாளுக்கு இந்த வருடமாவது லீவு போட்டு ஊருக்குப் போக டிக்கெட் பார்த்துக்கொண்டிருக்கிறேன். விளக்கு எத்தனை மணி நேரம் நின்றது?


தோவாளைப்பூ | 13 மார்ச் 2022

இருபத்தாறு மணி நேரம் அண்ணா. வியாழன் இரவு எட்டு மணிக்குத் தானாக அணைந்தது. அதுவரை தாத்தா படுக்கவில்லை.

இன்று காலை என்னைக் கூப்பிட்டு, அடுத்த வருடம் எப்போது என்று கேட்டார். அடுத்த வருடம் ஒரே அதார்தான். பஞ்சாங்கம் ஐயாவிடம் தனியே கேட்டுக்கொண்டேன், 2023 பிப்ரவரி 27 திங்கள் மாலை. சமையலறைக் காலண்டரில் அந்தத் தேதி இன்னும் அச்சாகவில்லை. அதனால் நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில், அவருக்குத் தெரிகிற மாதிரி பெரிதாக, மலையாளத்தில் எழுதி வைத்திருக்கிறேன். கீழே எண்ணெய்க் கணக்கும்.